புற்றைப் பார்த்து ஊளையிட்ட நாய்

எங்கள் நாய் எதைப் பார்த்தால் என்ன செய்யும் என்பது எனக்கு அத்துப்படி. பெருமைக்காகச் சொல்லவில்லை. அத்தனையும் தெரிந்திருந்தும் ஒன்றும் செய்ய முடியாமல் போனதே, அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மதகடிப்பட்டுச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். வீட்டுக்குப் பின்னால் ஒரு வேம்பு, இரண்டு முருங்கை, துணி துவைக்கும் கல், அதற்கப்பால் இடுப்புயர மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் கரும்புக் கொல்லை. கரும்பை வெட்டினார்களோ இல்லையோ, அதில் குடியிருந்ததெல்லாம் எங்கள் தோட்டத்துக்குக் குடிவந்துவிட்டது. நான் விலங்கியல் படித்து முடித்துவிட்டு, வேலைக்கான தேர்வுகளை எழுதிக்கொண்டு, முடிவுக்குக் காத்துக்கொண்டு, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்த சமயம். ஒரு நோட்டை எடுத்துக் கட்டம் போட்டேன். நேரம், வந்த பிராணி, நாயின் காது, வால், முதுகு மயிர், குரல்.

இரண்டே மாதத்தில் நோட்டு பாதி நிரம்பிவிட்டது. ஓணான் என்றால் தலையைச் சாய்த்து ஒரே ஒரு தடவை 'வப்' என்று சொல்லும், பிறகு யோசிக்கும். அணிலுக்குக் குரைக்கவே குரைக்காது, வேம்பின் அடியில் நின்று குழந்தை மாதிரி முனகும். மயில் என்றால் வேலி வரைக்கும் பாய்ந்து ஓடும், மயில் திரும்பிப் பார்த்தால் ஏதோ வேறு வேலையாக வந்த மாதிரி பக்கத்துச் செடியை மோந்து பார்க்கும். பெருச்சாளிக்கு வாயைத் திறக்காது, மண்ணைத்தான் தோண்டும். சாரைப் பாம்பு வந்தபோது மட்டும் முன்னங்கால் இரண்டையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, கழுத்திலிருந்து வால் வரை மயிர் குத்திட்டு நிற்க, மூச்சு விடாமல் குரைத்தது. அந்தக் குரைப்பைக் கேட்டால் தோட்டத்துக்குப் போகாமலேயே பாம்பு என்று சொல்லிவிடுவேன். இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன், இரண்டு தடவையும் சரி.

"பரிச்சைக்குப் படிடின்னா நாயிக்கு நோட்டு போடறா" என்று அம்மா திட்டுவாள். அப்பாவுக்குத்தான் இது பிடிக்கும். கட்டிலில் படுத்தபடியே, "இப்ப கொலைக்குதே, அது இன்னாது?" என்பார். "உடும்புப்பா" என்பேன். "அதெப்படி?" என்பார். "நடுநடுவுல நிறுத்தி மோப்பம் புடிக்குது பாருங்க" என்பேன். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். நாயைக் குட்டியாக லுங்கி மடிப்பில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான்.

அப்பா படுத்திருந்தார் என்று சொன்னேன் அல்லவா. அவருக்கு இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது. கம்பெனியில் மாடிப்படி ஏறும்போது விழுந்தார். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். தேதியும் கொடுத்தார்கள். தேதிக்கு நாலு நாள் முன்னால் காய்ச்சல் வந்தது, தள்ளிவைத்தார்கள். இரண்டாவது தேதி கொடுத்தார்கள். சர்க்கரை ஏறிவிட்டது என்று மறுபடி தள்ளிவைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் பையில் துண்டு, தட்டு, ஃபிளாஸ்க் எல்லாம் எடுத்து வைப்போம், ஒவ்வொரு தடவையும் எடுத்து வெளியே வைப்போம். அப்பா நாளுக்கு நாள் கட்டிலோடு ஒட்டிக்கொண்டே போனார். குளியலறைக்குப் போய்த் திரும்பினால் பேச்சு வராது.

முதல் தேதி கொடுத்தபோதே அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். வேம்புக்குப் பக்கத்தில் ஒரு கறையான் புற்று எப்போதோ எழும்பியிருந்தது. வேம்பும் புற்றும் சேர்ந்திருந்தால் எங்கள் பக்கத்தில் அது அம்மன்தான். யாரும் இடிக்க மாட்டார்கள். ஒன்பது வாரம், செவ்வாயும் வெள்ளியும், காலையில் தலைக்குக் குளித்து ஈரப் புடவையோடு மஞ்சள் குங்குமம் வைத்து, பால் ஊற்றி, ஒரு நாட்டுக்கோழி முட்டை வைக்கிறேன் என்று வேண்டுதல். முதல் வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று என்றால், அம்மா இந்தப் பக்கம் திரும்புவதற்குள் நாய் போய்ப் பாலை நக்கிவிட்டது. கணக்கில் வராது என்று அம்மா மறுவாரம் முதலிலிருந்து தொடங்கினாள். அதிலிருந்து அந்த இரண்டு நாளும் நாய்க்குச் சங்கிலி. துவைக்கும் கல்லுக்குப் பக்கத்து இரும்புக் கம்பத்தில் காலையில் கட்டினால் சாயங்காலம்தான் அவிழ்ப்பாள்.

சாயங்காலம் போய்ப் பார்ப்பாள். முட்டை இருக்காது. கையெடுத்துக் கும்பிடுவாள்.

ஊளை எந்த வாரத்தில் தொடங்கியது என்று நோட்டில் இருக்கிறது. மூன்றாவது வாரம். உச்சிவேளை. முதலில் குரைப்பு, அது இழுபட்டு முனகலாகி, பிறகு கழுத்தை மேலே தூக்கி ஊளை. வெயிலில் அந்தச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. நாய் ஊளையிட்டால் அதன் கண்ணுக்கு எமன் தெரிகிறான் என்று எங்கள் பக்கத்தில் சொல்வதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதுவும் உச்சிப் பொழுதில். அதுவும் உள்ளே ஒருவர் படுத்திருக்கும் வீட்டில்.

பக்கத்து வீட்டு அத்தை மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "யம்மாடி, அது எதப் பாத்துக்கினு ஊள வுடுதுன்னு கவனிச்சியா? வூட்டப் பாத்தா, தெருவப் பாத்தா?" என்று கேட்டார்.

"புத்தப் பாத்து" என்றாள் அம்மா.

"அய்யய்யோ" என்றார் அத்தை. தலை மதிலுக்குப் பின்னால் இறங்கிவிட்டது.

அடுத்த வாரமும் ஊளை. அந்த வாரம்தான் காய்ச்சல். அதற்கு இரண்டு வாரம் கழித்துச் சர்க்கரை. அம்மாவுக்கு இரண்டும் இரண்டும் நாலு.

எனக்கு வெறி பிடித்துவிட்டது. இது எதற்கோ எதிர்வினை, அது என்ன என்று கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆம்புலன்ஸ்களின் சைரனாக இருக்கும் என்று முதலில் எழுதினேன். சைரன் சத்தத்தைக் கைப்பேசியில் போட்டு நாயின் காதருகே வைத்துப் பார்த்தேன். நாய் கொட்டாவி விட்டது. பிறகு மாதா கோயில் மணி. பக்கத்து ஊரில் பகல் பன்னிரண்டுக்கு அடிப்பது காற்று திரும்பினால் கேட்கும். கண்டுபிடித்துவிட்டேன் என்று அடுப்படிக்கு ஓடினேன்.

"அம்மா! மணிதாம்மா! நாயிங்களுக்கு நீளமான சத்தம் கேட்டா..."

அம்மா அரிவாள்மணையிலிருந்து நிமிரவில்லை. "மணி தெனந்தான்டி அடிக்குது. செவ்வாயும் வெள்ளியும் மட்டும் இதுக்குக் காது கேக்குதா?"

நோட்டைப் புரட்டினேன். எல்லா ஊளையும் செவ்வாய், வெள்ளி. நான் கட்டத்தில் நேரத்தை எழுதியிருந்தேன், பிராணியை எழுதியிருந்தேன், கிழமையை எழுதவில்லை. தேதியை வைத்து எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு கட்டம் கூடப் போடாமல் என் அம்மா அதைப் பார்த்துவிட்டிருந்தாள். ஆனால் எனக்கு அது ஒரு துப்பு, அவளுக்கு அது அம்மன் நாள்.

அன்று மாலை அப்பா என்னை அருகே உட்காரச் சொன்னார். நாய் அவிழ்த்துவிடப்பட்டு வாசலில் படுத்திருந்தது.

"பாப்பா, ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்கப்பா."

"அது என்னப் பாத்துத்தான் ஊள வுடுதா?"

என் அப்பா பகுத்தறிவு பேசுகிறவர். டீக்கடையில் சாமியையெல்லாம் கிழிகிழியென்று கிழித்தவர். சிரிக்கவில்லை நான். "வெள்ளிக்கிழமைக்குள்ள கண்டுபுடிச்சிச் சொல்றேம்பா" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. ஐஸ் மாதிரி இருந்தது கை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கே மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் குப்புறப் படுத்துக்கொண்டேன். கைப்பேசியைக் கைப்பிடிச் சுவரின் ஓட்டையில் வைத்து, கீழே புற்றைப் படம் பிடிக்கும்படி திருப்பி வைத்தேன். முழங்கையெல்லாம் சுட்டது. கீழே நாய் சங்கிலியோடு நிழலில் படுத்திருந்தது. புற்றின் அடியில் முட்டை, வெயிலில் வெள்ளையாக. பாம்பு வரும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் பாம்புக்கு நாய் போடும் சத்தம் இது இல்லையே என்றும் மனசு சொல்லிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் நாய் காதைத் தூக்கியது. எழுந்தது. மதிலின் அடியில், மழைத்தண்ணீர் போக விட்ட ஓட்டை வழியாக ஒரு மூக்கு வந்தது. பிறகு ஒரு நீளமான சாம்பல் உடம்பு.

கீரி.

அது நாயை ஒரு தடவை பார்த்தது. சங்கிலியின் நீளம் அதற்குத் தெரிந்திருந்தது என்று சத்தியம் செய்வேன். நாய் பாய்ந்து, சங்கிலி கழுத்தை இறுக்கி, விழுந்து, எழுந்து, குரைத்தது. கீரி அவசரப்படவில்லை. முட்டையை உருட்டி மதிலோரம் கொண்டுபோனது. மதிலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, முட்டையை முன்னங்கால்களால் அள்ளிப் பின்னங்கால்களுக்கு நடுவே பின்பக்கமாக வீசியது. முட்டை சுவரில் மோதி உடைந்தது. இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன், பார்த்ததில்லை. வழிந்ததை நக்கிவிட்டு, முட்டை ஓட்டைக் கவ்விக்கொண்டு வந்த வழியே போய்விட்டது. அது போன பிறகும் நாய் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு, குரைத்துக் குரைத்துத் தொண்டை கம்மி, கடைசியில் கழுத்தை நீட்டி ஊளையிட்டது. எமனைப் பார்த்தல்ல. எட்டாமல் போனதைப் பார்த்து.

கீழே இறங்கிக் கொல்லைப் பக்கம் ஓடி மதிலுக்குப் பின்னால் பார்த்தேன். முட்டை ஓடுகள் ஒரு சின்னக் குவியல். அத்தனை செவ்வாயும் அத்தனை வெள்ளியும் அங்கே கிடந்தன.

துள்ளிக் குதித்து வீட்டுக்குள் வந்தால், முன்னறையில் மாமா. அம்மாவின் தம்பி. மதகடிப்பட்டில் குட்டியானை வண்டி ஓட்டுகிறார், லோடு அடிக்கிற சின்ன வண்டி. ஊளைக்குப் பயந்து அம்மா காலையிலேயே போன் போட்டு வரவழைத்திருக்கிறாள். அவள் கண் வீங்கியிருந்தது.

"இன்னும் ஒரு தபா ஊள வுடட்டும், நான் ஏத்திக்கினு போயி செல்லிப்பட்டு ஆத்தங்கரையாண்ட வுட்டுட்டு வந்துடறேன்" என்றார் மாமா. "நீ அழாதக்கா. ஒரு நாயிக்காவ அழுவியா?"

"நாயிக்காவ அழலடா" என்றாள் அம்மா.

வாயைத் திறந்தேன். கைப்பேசியை நீட்டியேவிட்டேன். ஆனால் என்ன சொல்வது? அம்மா, உன் முட்டையை அம்மன் எடுக்கவில்லை, பாம்பு எடுக்கவில்லை, பாம்பைக் கொல்கிற கீரி எடுக்கிறது என்றா? சொல்லியிருக்கலாம். இன்று வரைக்கும் அந்த நொடியைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அப்பாவிடம் முதலில் காட்டிவிடலாம், அவர் பக்குவமாகச் சொல்லிவிடுவார் என்று கையை இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் அம்மா ரேஷன் கார்டு வேலையாக வில்லியனூர் போன சமயம் பார்த்து அப்பாவுக்குப் படத்தைக் காட்டினேன். முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு பார்த்தார். முட்டை பறந்து சுவரில் அடித்ததும் சிரித்தார். எத்தனையோ நாள் கழித்துச் சிரிப்பு. "பாம்புக்கு வெச்சத கீரி துன்னுதா! அட திருட்டுப் பயலே!" நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னொரு தபா போடு" என்றார். ஐந்து தடவை போட்டேன். ஐந்தாவது தடவை சிரிப்பு நின்றுவிட்டது.

"அம்மாகிட்ட காட்டிட்டியா?"

"இல்லப்பா. நீங்க சொன்னா கேப்பாங்கன்னு..."

"சொல்லாத."

"அப்பா, நாய மாமா கொண்டுபூடுவாருப்பா!"

"தெரியுது." கைப்பேசியை என் கையில் வைத்தார். மூச்சு வாங்கினார். "உங்கம்மா தூங்கறதே இல்ல பாப்பா. நானும் தூங்காமப் பாத்துக்கினு இருக்கறேன். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் தூங்குறா. முட்ட போயிடுச்சின்னு தூங்குறா. அத நீ புடுங்கிட்டின்னா அவ இன்னாத்தப் புடிச்சிக்குவா, சொல்லு?"

"பொய்யிப்பா அது."

"எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு, "எனக்கு நீ சொன்னது போதும். என்னப் பாத்து இல்லன்னு தெரிஞ்சிடுச்சி" என்றார்.

நான் விடவில்லை. அவசரமாகக் கணக்குப் போட்டேன். வேண்டுதல் முடிய இன்னும் மூன்று வாரம். ஆறு நண்பகல். ஆறு நாள், பதினொன்றிலிருந்து ஒரு மணி வரைக்கும் நாயை நான் வெளியே கொண்டுபோய்விட்டால் போதும். நாய் கீரியைப் பார்க்காது, ஊளை இல்லை. அம்மாவின் முட்டையும் போகும், நாயும் இருக்கும். அப்பா தலையை ஆட்டினார். "செய்யி" என்றார்.

செவ்வாய்க்கிழமை நாயை ஏரிக்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கரையில் ஒரு நாரையைப் பார்த்து நாய் உட்கார்ந்துவிட்டது, நாரை பறக்கும் வரை உட்கார்ந்தே இருந்தது. புதுசு இது, நோட்டில் இல்லாதது. திரும்பி வந்தபோது அம்மாவின் முகம் தெளிந்திருந்தது. "இன்னிக்கி சத்தமே இல்லடி" என்றாள். நாய்க்குத் தயிர்சோறு பிசைந்து தானே கொண்டுபோய் வைத்தாள். இன்னும் ஐந்து.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். மூன்றாவது தேதி முடிவு செய்ய வேண்டும், இன்றைக்கே சோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். அம்மா அப்போதுதான் புற்றுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்திருந்தாள். வேண்டுதல் நாளில் வீட்டைப் பூட்டிக்கொண்டு போக மாட்டாள். ஸ்கூட்டியில் அப்பாவை நான்தான் கூட்டிப்போக வேண்டும். பதினொன்றுக்குள் வந்துவிடலாம் என்று நினைத்தேன். இருந்தாலும் மனசு கேட்காமல், பின்னால் கட்டியிருந்த நாயை அவிழ்த்து, வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் கட்டினேன். அங்கிருந்து புற்று தெரியாது.

"ஏன்டி எடம் மாத்தற?"

"பின்னால வெயிலும்மா."

அவ்வளவுதான் சொன்னேன். அவ்வளவு சின்னப் பொய்யை நம்பி ஒரு உயிரை விட்டுவிட்டுப் போனேன்.

ரத்தம் எடுக்கிற அறை வாசலில் எங்களுக்கு முன்னால் அத்தனை பேர். டோக்கன் நகரவே இல்லை. அப்பா சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. எழுந்து போய் ஜன்னலில் கேட்டேன், உட்காரும்மா என்றார்கள். பதினொன்றரைக்கு அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"நாயி எங்கம்மா கீது?"

"ஏன்டி, அப்பா எப்படி கீறாருன்னு சொல்லாம நாயக் கேக்கற? பின்னால கட்டிட்டேன். கோயில் கூழு எடுத்துக்கினு அத்த வந்தாங்க. கேட்டாண்ட இதப் பாத்துப் பயந்துக்கினு ரோட்லயே நின்னுட்டாங்க."

"அம்மா, அத அவுத்து வுட்டுடும்மா. இல்ல வாசலுக்கே கொண்டாந்துடு."

"வெள்ளிக்கெழமடி இன்னிக்கி. அவுத்தா போயி வாய வெக்கும்."

"அப்ப உள்ளயாவது கட்டும்மா, குளிக்கிற ரூம்ல போட்டுக் கதவச் சாத்திடு. ப்ளீஸ்மா."

"உனக்கு இன்னா ஆச்சி? எதுக்கு இப்படிப் பதர்ற?"

எதற்கு என்று சொல்ல எனக்கு ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல் நாக்கு நுனியில் இருந்தது. அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"அம்மா... அங்க வந்து... ஒரு பூனை வருதும்மா. அதப் பாத்துதான்..."

"பூனயப் பாத்தா கொலைக்கும். ஊளயா வுடும்?" என்றாள் அம்மா. அவள் சொன்னது சரிதான். என் நோட்டிலும் அப்படித்தான் இருக்கிறது.

அதற்குள் போனிலேயே கேட்டது. முதலில் அந்தப் பழகிய குரைப்பு. சங்கிலி கம்பத்தில் மோதும் ஓசை. எங்கோ தூரத்தில் நடப்பதைக் கேட்பது போல இல்லை, என் பக்கத்து நாற்காலியில் நடப்பது போலக் கேட்டது. இப்போது மதில் ஓட்டையில் மூக்கு. இப்போது முட்டையை உருட்டுகிறது. குரைப்பை வைத்து ஒவ்வொன்றையும் என்னால் பார்க்க முடிந்தது. முட்டை சுவரில் மோதுவது வரைக்கும் பார்த்தேன்.

"அம்மா! அது கீ..."

அப்பாவின் கை என் மணிக்கட்டில் விழுந்தது. அழுத்தக்கூட இல்லை, அழுத்த அவருக்குப் பலம் ஏது. சும்மா விழுந்தது, அங்கேயே இருந்தது. தலையை இப்படியும் அப்படியும் மெதுவாக ஆட்டினார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எங்களுக்குப் பின்னால் ஒரு ஆள் டோக்கன் எண்ணை உரக்கச் சொல்லி, "உங்கள்துதாம்மா, போங்க போங்க" என்றார்.

போனில் ஊளை எழுந்தது. நீளமாக. அம்மா, "தாயே, தாயே" என்று சொல்வதும், செருப்பில்லாமல் ஓடும் காலடியும் கேட்டன. பிறகு இணைப்பு அறுந்தது.

அப்பாவைத் தோளில் தாங்கிக்கொண்டு உள்ளே போய் ரத்தம் கொடுத்தோம். ஸ்கூட்டியை எவ்வளவு வேகமாக ஓட்ட முடியும்? பின்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர். ஒவ்வொரு வேகத்தடையிலும் காலை ஊன்றி இறக்கினேன். திருப்பங்களில் எதிரே குட்டியானை வந்தால் பெட்டியை எட்டிப் பார்த்தேன். வீட்டுக்கு வந்தபோது கம்பத்தில் சங்கிலி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அதைச் சுற்றி மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவிவிட்டிருந்தாள்.

அப்பா நேராகக் கட்டிலுக்குப் போய்ச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மதகடிப்பட்டுக்குப் போய் மாமாவைப் பிடித்தேன். வண்டியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். கத்தினேன் அவரிடம், வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன், கீரியையும் சொல்லிவிட்டேன். படத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். பார்த்தார். முழுசும் பார்த்தார்.

"த்தா, கீரியா" என்றார். பீடியைக் கீழே போட்டுக் காலால் தேய்த்தார். "ஆத்தாண்ட கோழிக்கட கீதும்மா. சோத்துக்குக் கொற இல்ல. எறக்கி வுட்டதும் ஓடிப்பூடும்னு பாத்தேன், வண்டி பின்னாலயே ஓடியாந்திச்சி. பாலத்தாண்ட வரிக்கும்." முகத்தைத் துடைத்தார். "உங்கம்மாகிட்ட சொல்லிடாத. நான் கொண்டுபோனது தப்புன்னு தெரிஞ்சா, நாயிக்கும் சேத்து அழுவா."

அன்றிலிருந்து தினம் செல்லிப்பட்டு. தேர்வுக்குப் படிக்க நூலகம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். கோழிக்கடைப் பின்னால் ஒன்பது நாய்கள், எதுவும் எங்களுடையது இல்லை. கடைக்காரரிடம் எங்கள் நாயின் படத்தைக் காட்டினேன். "கழுத்துல வெள்ளயா? வந்த நாய்ங்கள இதுங்க சேக்காதும்மா, கடிச்சித் தொரத்திடும்" என்றார். சங்கராபரணி ஆற்றில் முக்கால்வாசி மணலும் நாணலும், நடுவில் மட்டும் தண்ணீர். நாணலுக்குள் புகுந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு செம்போத்து கிளம்பிப் பறந்தது. மதிலுக்குள்ளேயே வளர்ந்த பிராணி, நாணலில் பாம்பு வந்தால் பின்னால் போக இடம் இருக்கிறதா என்று பார்க்குமா? தெரியவில்லை. எங்கள் தோட்டத்துக்கு வெளியே அது என்ன செய்யும் என்று ஏரிக்கரை நாரையைத் தவிர ஒரு வரி கூட என்னிடம் கிடையாது.

செவ்வாய்க்கிழமை, கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இதுவா? நொண்டிக்கினு ஒண்ணு அந்தாண்டக் கரையில நின்னுக்கினு இருந்திச்சி. நேத்தா, முந்தாநாளா, தெரியல" என்றாள். அக்கரையைப் பார்த்தேன். சவுக்குத் தோப்பு, அதற்கு மேல் வெயில்.

அப்போது கைப்பேசி. அப்பா.

"கெடச்சிதா?"

நூலகத்துக்குப் போவதாகத்தான் சொல்லியிருந்தேன். "இல்லப்பா" என்றேன்.

"செரி. ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்திச்சி. ரத்தம்லாம் நல்லா கீதாம். வியாழக்கெழம வந்து சேரச் சொல்லிட்டாங்க." அவர் குரலில் பயமும் இருந்தது, வேறு ஏதோவும் இருந்தது. "இரு, அம்மா பேசணுமாம்."

அம்மா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். "பாத்தியாடி? அது போன நாலாம் நாளு தேதி வந்துடுச்சி. நான் சொன்னப்ப என்ன நீயும் அப்பாவும் கிறுக்கின்னு பாத்தீங்களே. இன்னிக்கும் ஆத்தா முட்டய எடுத்துக்கினா, ஒரு சத்தம் இல்ல, எவ்ளோ நிம்மதியா எடுத்துக்கினா தெரியுமா? பாத்தியா இல்லியா?"

"பாத்தேம்மா" என்றேன்.

"சீக்கிரம் வூட்டுக்கு வா. பை எடுத்து வெக்கணும்."

"வந்துடறேம்மா."

கைப்பேசியைப் பையில் போட்டேன். துவைத்துக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்து, "தண்ணி முட்டிக்கால் வரிக்குந்தான் வரும். அந்தக் கல்ல வுட்டு இந்தாண்ட மட்டும் வராத, பள்ளம்" என்றாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.